அறுபது எபிசோடு

"அடுத்ததைப் படி," என்றாள் பெரியவள், கண்ணைத் திறக்காமலே.

சின்னவள் ஒரு கையில் ஸ்பூனும் மறு கையில் அக்காவின் போனுமாகக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஸ்பூனை அக்காவின் உதட்டில் வைத்துச் சாய்த்தாள். பாதித் தண்ணீர் உள்ளே போயிற்று, மீதி கழுத்தில் வழிந்தது. துண்டால் ஒற்றி எடுத்துவிட்டுப் படித்தாள்.

"'டிராமா டாக்டர் அக்காவுக்கு வணக்கம். நீங்க சொன்ன அந்த வக்கீல் பொண்ணு கொரியன் சீரியலைப் பாத்து முடிச்சுட்டேன். அதுலேருந்து வேற எதுலயும் மனசு ஒட்டல. அதே மாதிரி இன்னொண்ணு சொல்லுங்க, ப்ளீஸ்.'"

"எங்க அழுதாளாம்?"

"அது எழுதல."

"கேளு."

சின்னவள் கேட்டு அனுப்பினாள். அந்தப் பக்கம் போனைக் கையிலேயே வைத்திருந்தாள் போல, உடனே பதில் வந்தது. கேஸில் தோற்றபோது அழவில்லையாம். பஸ் ஸ்டாப்பில் குடையோடு அப்பா நின்றுகொண்டிருந்தாரே, அங்கேதான் அழுதாளாம்.

பெரியவள் மூக்கில் இருந்த ஆக்சிஜன் குழாயை நகர்த்திவிட்டுக்கொண்டு சிரித்தாள். "பாத்தியா? அவளுக்கு வக்கீல் வேணாம், அப்பாதான் வேணும். சைக்கிள் கடை அப்பாவும் பொண்ணும் வருவாங்களே, அந்தச் சீனப் படத்தைச் சொல்லு."

இதுதான் பெரியவளின் கைராசி. அவள் தொழில் என்னவோ முடி வெட்டுவது. பியூட்டி பார்லர் நாற்காலியில் மாட்டிக்கொண்டவர்களிடம் கத்திரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு கொரியன் சீரியல் கதை சொல்ல ஆரம்பித்தாள். யார் எழுந்து ஓட முடியும்? கேட்டவர்கள் பார்த்தார்கள், பார்த்தவர்கள் இன்னும் நாலு பேரை இழுத்து வந்தார்கள். போனில் ஒரு குரூப் ஆரம்பித்து, அது பெருகிப் பெருகி, முகம் தெரியாத ஜனங்களெல்லாம் 'டாக்டர் அக்கா, அடுத்து என்ன பாக்கட்டும்?' என்று நாள் முழுக்க வாசலில் நிற்பதுபோல் ஆகிவிட்டது.

எங்கே அழுதீர்கள் என்பது அவளுடைய இரண்டாவது கேள்விதான். முதல் கேள்வி ஒன்று உண்டு. 'எவ்வளவு நேரம் இருக்கு?' கால் உடைந்து கட்டுப் போட்டுக் கிடந்த லாரி டிரைவருக்கு மாசக்கணக்கில் ஓடும் சீன அரண்மனைத் தொடரைக் கொடுத்தாள். கைக்குழந்தைக்காரிக்குக் குழந்தை பால் குடித்து முடிப்பதற்குள் முடிகிற குட்டிக் குட்டி ஜப்பான் எபிசோடுகள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரே ஒரு படம், அதற்குமேல் கேட்டால் திட்டு. "பாதியில விட்ட கதை தொண்டையில மாட்டின முள்ளு மாதிரி. முடிக்க முடியாததை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்பாள். அதில் அவளுக்கு ரொம்பவே கர்வம்.

கட்டிலின் அந்தப் பக்கம் அவள் புருஷன் குந்தி உட்கார்ந்து, வாடகைக்கு எடுத்த ஆக்சிஜன் மெஷினின் பின்மூடியை ஸ்க்ரூ டிரைவரால் முடுக்கிக்கொண்டிருந்தார். லிஃப்ட் மெக்கானிக். மெஷினில் ஒரு குறையும் இல்லை. காலையிலிருந்து அதே திருகாணிகளைத்தான் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அறையை விட்டு மட்டும் நகரவில்லை. மச்சினியை நம்பாமல்தான் நகரவில்லை என்பது மச்சினிக்கு நன்றாகத் தெரியும்.

காலையில் வந்து பார்த்த டாக்டர் வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார். "இன்னிக்கு ராத்திரியைத் தாண்டறது கஷ்டம். பாக்க வேண்டியவங்க இருந்தா வரச் சொல்லிடுங்க." கார் தெருமுனை திரும்புவதற்குள் மெக்கானிக் சின்னவளின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டார்.

"அவ காதுல ஒரு வார்த்தை விழக் கூடாது."

"மாமா, குட்டி..."

"குட்டிக்கும் சொல்லக் கூடாது. அவ திடுதிப்புன்னு வந்து நின்னா உங்க அக்காவுக்குப் புரிஞ்சுடும். புரிஞ்சா அந்த நிமிஷமே விட்டுடுவா. எனக்குத் தெரியும் அவளை. உங்க அக்கா மேல சத்தியம் பண்ணு."

சாகக் கிடக்கிறவள் மேல் என்ன சத்தியம் என்று கேட்கவாவது வாய் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சின்னவள் பண்ணிக் கொடுத்துவிட்டாள்.

குட்டி என்பது அவர்களுடைய ஒரே மகள். வேறு ஊரில் ஹாஸ்டலில் இருந்தாள், பரீட்சை நடந்துகொண்டிருந்தது. 'எனக்கு ஒண்ணும் இல்ல, முடிச்சுட்டே வா' என்று அவளை அங்கேயே இருக்கச் சொன்னதும் பெரியவள்தான். புது மாத்திரை வேலை செய்கிறது, ஒரு மாசத்தில் எழுந்து நடக்கலாம் என்று புருஷன் சொன்னதை அப்படியே நம்பியிருந்தாள். மத்தியான ரயிலைப் பிடித்தால் அந்தப் பெண் சாயங்காலத்துக்குள் வந்துவிடலாம். அதை விட்டால் அடுத்தது மறுநாள் காலையில்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று நினைக்க நினைக்கச் சின்னவளின் கண் அங்கேதான் போயிற்று.

"போதும், போனை வை," என்றாள் பெரியவள். "ஊருக்கெல்லாம் நானே சொல்லிட்டிருக்கேன். இன்னிக்கு எனக்கு நீ ஒண்ணு சொல்லேன்."

"நானா?"

"நீதான். போஸ்டர்ல மூக்கும் முழியுமா எவன் இருக்கானோ அவன் படத்தைத்தானே சொல்லுவ? பரவால்ல, சொல்லு."

சின்னவள் கண்ணாடிக் கடையில் லென்ஸ் வெட்டுபவள். நாள் முழுக்க மற்றவர்கள் கண்ணுக்குப் பவர் லென்ஸ் தேய்த்துவிட்டு, வீட்டுக்கு வந்து சீரியல் போட்டால் பத்தாவது நிமிஷம் தூங்கிவிடுவாள். "எனக்கு என்னக்கா தெரியும்," என்று மழுப்பினாள்.

"மொறையா கேக்கணும். மொதக் கேள்வியைக் கேளு."

ஸ்க்ரூ டிரைவர் சத்தம் நின்றுபோயிருந்தது.

"கேளுடி."

"எவ்வளவு... நேரம் இருக்கு?"

"அது எனக்கு எப்படித் தெரியும்?" பெரியவள் இப்போது கண்ணைத் திறந்து தங்கையை நேராகப் பார்த்தாள். "நீயே பாத்து சொல்லு."

மெக்கானிக் எழுந்து நின்றார். கையெடுத்துக் கும்பிடவில்லை, ஆனால் அந்த முகத்தில் அது இருந்தது. சின்னவள் அக்காவின் பார்வையிலிருந்து தப்பித்து ஜன்னலைப் பார்த்தாள்.

"அந்தச் சீனத் தொடர் ஒண்ணு வந்திருக்கே. மருந்துக் கடைக்காரக் குடும்பம், மூணு தலைமுறைக் கதை. அது பாக்கலாம்."

"எத்தனை?"

"அறுபது எபிசோடு."

"அறுபதா!"

அந்த முகம் மலர்ந்ததைச் சின்னவள் சாகும்வரை மறக்க மாட்டாள். கன்னத்தில் நிஜமாகவே கொஞ்சம் ரத்தம் ஓடியது.

"அப்போ சரி," என்று தலையணையில் சாய்ந்துகொண்டாள் பெரியவள். "காலையிலேருந்து என்னவோ மனசே சரியில்ல. குட்டியை வரச் சொல்லலாமான்னுகூட நெனச்சேன். பாவம், பரீட்சையை முடிச்சுட்டே நிம்மதியா வரட்டும். போடு, பாக்கலாம்."

மெக்கானிக் தண்ணீர்ச் சொம்பை எடுக்கும் சாக்கில் மச்சினியின் தோளை லேசாகத் தொட்டுவிட்டுப் போனார். நன்றி சொல்கிறாராம். சின்னவளுக்கு அந்தத் தோளையே வெட்டி எறியலாம் போல இருந்தது.

டிவியில் தொடர் ஓட ஆரம்பித்தது. மழை, மலை, மாட்டு வண்டியில் ஒரு கர்ப்பிணிப் பெண். பெரியவள் மூச்சுக்கு நடுவே ரசித்துப் பார்த்தாள். "ஹீரோ இன்னும் பொறக்கவே இல்ல பாரேன். நல்லா நிதானமா எடுத்திருக்கான்."

ஹீரோ இனிமேல் பிறக்க வேண்டும். தவழ வேண்டும், பள்ளிக்கூடம் போக வேண்டும், சண்டைக்குப் போய்த் திரும்ப வேண்டும், அவனுக்குப் பேரன் பிறக்க வேண்டும். சின்னவள் போர்வைக்குள் கையை விட்டு அக்காவின் பாதத்தைத் தொட்டாள். சில்லென்று இருந்தது. தேய்த்துப் பார்த்தாள், சூடு வரவில்லை. ரயிலுக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. ஸ்டேஷன் ஹாஸ்டலுக்குப் பக்கத்தில்தான், ஓடினால் பிடித்துவிடலாம். இன்னும் ஐந்து நிமிஷம் சும்மா இருந்தால் ஓடினாலும் பிடிக்க முடியாது.

அவள் ரிமோட்டை எடுத்து நிறுத்தினாள்.

"அக்கா, இது வேணாம்."

"ஏன்? நல்லாத்தானே போகுது?" இதைச் சொன்னது மெக்கானிக். குரலில் கத்தி இருந்தது.

"இது ரொம்ப நீளம் மாமா."

"நீளமா இருந்தா என்ன, மெதுவா பாக்கட்டும்."

"முடிக்க முடியாது."

சொல்லியாகிவிட்டது. மெஷின் மட்டும் உஸ் உஸ்ஸென்று காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது. சின்னவள் அக்காவின் பக்கம் திரும்பினாள்.

"படம் பாக்கலாம்க்கா. ஜப்பான் படம் ஒண்ணு இருக்கு. சின்னது."

"எவ்வளவு சின்னது?"

"ஒன்றரை மணி நேரம்கூட இல்ல."

"வாயை மூடுடி!" என்று கத்தினார் மெக்கானிக். அந்த வீட்டில் அவர் குரல் உயர்ந்து யாரும் கேட்டதில்லை. "பாவி! சத்தியம் பண்ணிட்டு... போ வெளிய! இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத!"

"நீங்க சும்மா இருங்க," என்றாள் பெரியவள்.

பெரியவள் மேலே ஓடும் ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு தங்கையின் கையைத் தேடிப் பிடித்தாள். நகம் பதியப் பிடித்தாள்.

"பயமா இருக்குடி."

"எனக்கும் பயமாத்தான் இருக்கு."

"எல்லாருமாச் சேர்ந்து புது மாத்திரை, புது மாத்திரைன்னு..." மேலே பேச மூச்சு போதவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் காதுப் பக்கமாக இறங்கிற்று. அதைத் துடைக்கவிடாமல் தலையைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். "குட்டியைக் கூப்பிடுங்க. நீங்களே கூப்பிடுங்க. இவ சொன்னா குட்டி பயந்துடுவா, உங்க குரல்னா கிளம்பி வந்துடுவா. ரயிலுக்கு நேரமாச்சு, நிக்காதீங்க."

மெக்கானிக் பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கதவையும் மீறிக் கேட்டது. "ஒண்ணுமில்லம்மா... அம்மா பாக்கணுங்கறா... பரீட்சை கிடக்கட்டும்மா, அப்பா பாத்துக்கறேன்... ஓடு, ஓடு கண்ணு..." அதற்கப்புறம் கேட்டது பேச்சு இல்லை.

சாயங்காலம்வரை எதைக் கொண்டு நிரப்புவது? அந்தச் சின்னப் படத்தைத்தான் போட்டார்கள். கடற்கரையோரம் சலூன் வைத்திருக்கும் ஒரு கிழவரின் கதை. பெரியவள் கொஞ்சம் பார்ப்பாள், அசந்துபோவாள், விழித்துக்கொண்டு மறுபடி பார்ப்பாள். அவள் அசரும்போதெல்லாம் சின்னவள் நிறுத்தி வைத்தாள். ஒன்றரை மணி நேரம்கூட இல்லாத படம் மத்தியானம் முழுக்க ஓடிற்று. நிறுத்திய நேரமெல்லாம் அக்காவின் மார்பு ஏறி இறங்குகிறதா என்று மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கிய மார்பு ஏறத் தாமதித்தபோது இவள் மூச்சும் நின்றது.

"அந்த நடிகன் கத்திரியைப் பிடிக்கிறதைப் பாரு," என்றாள் பெரியவள் ஒரு தடவை. "வாழ்நாள்ல முடி வெட்டினவன் இல்ல. கடைசியில அழ வைப்பானா?"

"இல்லக்கா, சந்தோஷமாத்தான் முடியும்."

"நீ பாத்தியா?"

"பாதியில தூங்கிட்டேன்."

பெரியவள் சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க வெகு நேரம் பிடித்தது. மெக்கானிக் அவள் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தார். மச்சினியின் பக்கம் அவர் கண் திரும்பவே இல்லை.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி வரும் சத்தம். பெரியவள் யாருக்கும் முன்னால் அதைக் கேட்டுவிட்டாள்.

"அணைச்சிடு," என்றாள்.

படம் முடிய இன்னும் பாக்கி இருந்தது. சின்னவள் அணைத்தாள்.

குட்டி புத்தகப் பையோடு வந்து கட்டிலருகில் மண்டியிட்டாள். வழியெல்லாம் அழுதிருக்கிறாள், முகம் வீங்கிப் போயிருந்தது. ஆனால் வந்ததும் அழவில்லை, அம்மா கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"சாப்பிட்டியா?" என்றாள் பெரியவள்.

"சாப்பிட்டேம்மா."

"பொய்." அவள் கை மெதுவாக மேலேறி மகளின் தலைக்குப் போயிற்று. முடியைக் கோதிப் பார்த்தது, நுனியை எடுத்து உருட்டிப் பார்த்தது. "ஐயையே, என்னடி இது? நுனியெல்லாம் வெடிச்சுப் போயிருக்கு. தண்ணி சரியில்லையா அங்க?"

"நீ வெட்டி விடும்மா."

"வெட்டறேன். இப்படியே இரு. அசையாத."

குட்டி அசையவில்லை. இரண்டு விரலுக்கு நடுவே முடியைப் பிடித்து அளவு பார்ப்பதுபோலக் கை கொஞ்ச நேரம் போய்வந்தது. அப்புறம் நின்றது. தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது. மெக்கானிக்தான் முதலில் புரிந்துகொண்டார். மெஷினை நிறுத்திவிட்டு வந்து, மகளின் முடியிலிருந்து மனைவியின் விரல்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார்.

ராத்திரி முழுக்க ஆட்கள் வந்தார்கள், போனார்கள். பார்லர் வாடிக்கைக்காரிகள் வாய்விட்டு அழுதார்கள். மெக்கானிக் எல்லாரிடமும் பேசினார், மச்சினியிடம் மட்டும் பேசவில்லை. அவள் நீட்டிய காபி டம்ளர் அவர் முன்னால் ஆறிப் போயிற்று. சொல்லாமல் இருந்திருந்தால் அக்கா இன்னும் ஒரு நாள் இருந்திருப்பாளோ? யாரைக் கேட்பது? சின்னவள் சமையலறை ஓரத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தப்புப் பண்ணவில்லை என்று தெரிந்திருந்தும் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

காலையில் வண்டி வந்தது. அக்காவை ஏற்றினார்கள். உள்ளே பெட்டிக்குப் பக்கத்தில் வீட்டு மனிதர்களுக்கு மட்டும் இடம், மற்றவர்கள் பின்னால் வேனில் வரலாம் என்றான் டிரைவர். குட்டி ஏறினாள். மெக்கானிக் ஏறினார். சின்னவள் வாசலிலேயே, படிக்கு மேலே நின்றாள். வேன் பக்கம் போகலாமா, அதற்கும் வரக் கூடாது என்பாரோ என்று கால் எழவில்லை.

"சாத்தலாமா சார்?" என்றான் டிரைவர்.

மெக்கானிக் மகளைக் கொஞ்சம் உள்ளே தள்ளி உட்காரச் சொன்னார். எதிர்வீட்டுச் சுவரைப் பார்த்தபடியே, கதவைச் சாத்தவிடாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டார். டிரைவர் ஸ்டார்ட் செய்தான், ஹார்ன் அடித்தான். கை கதவிலேயே இருந்தது.

சின்னவள் செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு படியிறங்கினாள்.