நனைந்த சோளம்

இன்னொரு கோழியின் வயிற்றைக் கீறி, லெசியெலி ஈரலை வெளியே எடுத்தாள். இதுவும் மஞ்சள்தான். விரலால் அழுத்தியதும் பிசைந்த மாவுபோல உதிர்ந்தது. அவள் கத்தியைப் பலகையில் குத்தி நிறுத்தினாள்.

"என்னம்மா, கோழி கடிச்சிருச்சா?" என்றார் சேமிசி மாமா, மண்ணடுப்புக்குக் கல்லை அடுக்கிக்கொண்டே.

"இதைச் சமைக்க வேண்டாம் மாமா."

"உன் அத்தை சொல்லிவிட்டிருக்காங்க. கொட்டகையில மிச்சம் இருக்கிற அத்தனையும் அடிச்சு, வந்தவங்களுக்குப் போடணுமாம். சாவு வீட்ல அவங்க சொல்றதுக்கு மேல பேச்சு உண்டா?"

இல்லைதான். முன்வீட்டில் அப்பா பௌலியாசியின் தலைமாட்டில், சீராக வந்த பாய்களெல்லாம் தன் பக்கம் குவிய, அவருடைய அக்கா அனாசெய்னி உட்கார்ந்திருந்தாள். பெற்ற மகளானாலும் லெசியெலிக்கு இடம் பின்கட்டில். கிழிந்த பெரிய பாயைக் காதுவரை சுற்றிக்கொண்டு, அம்மா வழிச் சொந்தங்களோடு அடுப்பு வேலை. டோங்காத் தீவுகளில் எந்தச் சாவிலும் அப்படித்தான், இறந்தவரின் அக்காவுக்கே முதலிடம். அதற்காக அவளுக்குக் கோபமில்லை.

கோபம் சோளத்தின் மேல். அத்தை வீட்டுக்காரர் தன் கடைக்கு வரவழைத்த சோளம் துறைமுகத்தில் மழையில் நனைந்துவிட்டது. கடையில் விற்க முடியாததை அத்தை தம்பியின் கோழிகளுக்கு அனுப்பிவைத்தாள். அப்பா மூட்டையைப் பிரித்தபோது பச்சைப் பூஞ்சை கட்டி கட்டியாக இருந்தது. அக்கா கொடுத்ததை எந்தத் தம்பி திருப்பி அனுப்புவான்? கெட்டுவிட்டது என்று சொல்வதுகூட மரியாதைக் குறைவு. கட்டிகளை உடைத்து, ஊதி, வெயிலில் பரப்பினார். கண்ணுக்குப் பூஞ்சை போனதும் கோழிகளுக்குப் போட்டார். "வெயில்ல பூஞ்சை சாகும், அது விட்டுட்டுப் போன விஷம் சாகாது" என்று விவசாய ஆபீஸ் பெண் சொல்லியும், அடுத்த மூட்டையையும் அப்படியே பிரித்தார்.

முட்டை ஓடு காகிதமாயிற்று. கோழிகள் இறகைச் சிலிர்த்துக்கொண்டு மூலையில் நின்று செத்தன. நேற்றுக் காலை, செத்ததைப் புதைக்கக் குழி வெட்டப் போன அப்பா, மண்வெட்டிமேலேயே சாய்ந்துவிட்டார். இதயம் என்றார் டாக்டர்.

"சின்னப் பிள்ளைங்களும் சாப்பிடும் மாமா. கோழியை எல்லாம் குழியில போட்டு மூடுங்க. பன்னி இருக்கு, வள்ளிக்கிழங்கு இருக்கு. போதும்."

மாமா முன்வீட்டுப் பக்கம் பார்த்தார். "கேட்டா?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க."

மாமா இரண்டு கைகளிலும் கோழிகளை அள்ளிக்கொண்டு கொல்லைக்கு நடந்தார். "உங்கப்பனுக்கு இல்லாத வாய்டி உனக்கு" என்று போகிற போக்கில் சொன்னார். திட்டினாரா என்று தெரியவில்லை.

சற்று நேரத்தில் அத்தையே பின்கட்டுக்கு வந்தாள், கையில் கத்தரிக்கோலோடு. அப்பன் செத்தால் மகளின் கூந்தலை அத்தைதான் வெட்ட வேண்டும். லெசியெலி குனிந்து உட்கார்ந்தாள். இடப்பக்கக் கூந்தல் மடியில் விழுந்தது.

"கோழி வெந்துதா?"

"குழியில போட்டாச்சு அத்தை."

கத்தரி நின்றது. "யாரைக் கேட்டு? ஊர் முன்னாடி என்னை அசிங்கப்படுத்தவா?"

லெசியெலி பலகையில் கிடந்த ஈரலை எடுத்து நீட்டினாள். "உங்க சோளம் தின்ன கோழி. பிடிச்சுப் பாருங்க."

அத்தையிடம் இப்படிப் பேசி அங்கே ஒருவரும் கேட்டதில்லை. அத்தை ஈரலை வாங்கினாள். அது விரலிடுக்கில் உதிர்ந்தது.

"நனைஞ்சதுன்னு தெரியும். காயவெச்சா சரியாப் போயிரும்னு நினைச்சேன்." விரலில் ஒட்டியதையே பார்த்தாள். "பௌலியாசி ஒரு வார்த்தை சொல்லலையேடி..."

"உங்ககிட்ட எப்படிச் சொல்லுவாரு? நீங்க அக்காவாச்சே."

அத்தை வலப்பக்கக் கூந்தலைப் பிடித்தாள். விட்டாள். மறுபடி பிடித்தாள். கத்தரியைப் பலகையில் வைத்துவிட்டு, விரலை எதில் துடைப்பது என்று தெரியாதவளாக, கையை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்தபடியே வீட்டுக்குள் போனாள்.

முன்வீட்டில் பாட்டு தொடங்கியது. லெசியெலி கத்தரியை எடுத்து, மீதிக் கூந்தலைத் தானே வெட்டத் தொடங்கினாள்.