சுவருக்கு இந்தப்பக்கம் நாலு செடி

கோசோ தீவுக்குப் போய்வரும் கப்பலில் கயிறு கட்டுகிற வேலை விஸ்டினுக்கு. இருபத்தாறு வருடத்தில் அவன் ஒருநாளும் ஓடிக் கரையேறியதில்லை. அந்த மே மாதச் சனிக்கிழமை ஓடினான். நல்ல தோளில் ஐந்து கிலோ தென்னை நார்த்தூள் கட்டி ஒன்று, கெட்ட தோளில் மூன்று செடிச் சத்துப் பாட்டில்கள் போட்ட பை. கட்டியின் உறையில் பொள்ளாச்சி என்று அச்சடித்திருந்தது. அவன் கணக்கில் அது இத்தாலியில் ஏதோ ஓர் ஊர்.

வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் கட்டியைக் குளியல் தொட்டியில் போட்டுக் குழாயைத் திறந்துவிட்டான். அரைமணி நேரத்தில் அது ஊறிப் பொங்கி, தொட்டி நிறையப் பழுப்புத் தூளாகக் கிடந்தது. மனைவி ஜில்யானா துண்டும் கையுமாக வந்து நின்றாள்.

"நான் இன்னைக்கு எங்க குளிக்கிறது?"

"தொட்டுப் பாரு ஜில்யானா, பஞ்சு மாதிரி. நம்ம ஊர் மண்ணுல வேர் நடக்கவே திணறும். இதுல ஓடுமாம். கடைக்காரன் சொன்னான்."

"அந்தக் கடைக்காரன் பொண்டாட்டி எங்க குளிக்கிறாளாம்?"

கேலி செய்தாளே தவிர, அவளும் முட்டி போட்டு உட்கார்ந்து நாலு செடித் தொட்டிக்கும் தூளை அள்ளிப் போட்டாள். ரிக்கோட்டா பாலாடைக்கட்டி வந்த டப்பாக்களில் முளைத்திருந்த நாலு கஞ்சா நாற்றுகளையும் பிஞ்சுக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கி நட்டாள். காரணம் இருந்தது. முந்தின டிசம்பரில்தான் சட்டம் வந்திருந்தது: வீட்டுக்கு நாலு செடி வளர்க்கலாம், தெருவிலிருந்து கண்ணில் படக்கூடாது. அதற்கும் ஒரு வருடம் முன்பு, கப்பலில் அறுந்த கயிறு விஸ்டினின் தோளை உடைத்துப் போட்டிருந்தது. எலும்பு கூடிவிட்டது, தூக்கம் கூடவில்லை. மாத்திரை போட்டால் தூங்கினான், ஆனால் அந்த மயக்கம் மறுநாள் மத்தியானம்வரை கையில் நின்றது. கயிறு பிடிக்கிறவனுக்கு அது ஆகாது. யார் யாரோ விற்கிற கஞ்சாப் பொட்டலத்தில் என்ன கலந்திருக்கிறதென்று யாருக்குத் தெரியும்? நாலு செடி சரியாக வந்தால், வருகிற குளிர்காலம் முழுக்கத் தூங்கலாம். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் நாலையும் வரிசையாக வைத்தான். அந்தப்பக்கம் ஆளுயரச் சுண்ணாம்புக்கல் சுவர். சுவருக்கு அப்பால் இதே வீட்டின் மறுபாதி, அவன் அக்கா ஃபிலுமெனாவின் பங்கு. அப்பா செத்ததும் வீட்டை நெடுக்காக வெட்டியபோது, மழைநீர்க் கிணற்றின் வாய் அவள் முற்றத்துக்குப் போனது. தண்ணீரில் பாதி உனக்கு என்று பத்திரத்தில் இருந்தும், பத்திரம் எழுதுபவரின் மேசையிலேயே விஸ்டின் எழுந்து நின்று, "மாதா மேல சத்தியம், உன் கிணத்துத் தண்ணி ஒரு சொட்டு என் வாயில படாது," என்று சொல்லிவிட்டான். பதினொரு வருடம் ஆகிறது. ஞாயிறு பூசையில்கூட அக்காவும் தம்பியும் ஆளுக்கொரு வாசல்.

சத்துப் பாட்டில்களோடு வந்த சீட்டை அவன் ஜெபப் புத்தகம் போல மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். இலை விடும்போது இதில் இத்தனை மில்லி, மொட்டு விடும்போது அதில் அத்தனை. காலையில் காப்பிக்கு முன் மாடி. கப்பல்காரன் அல்லவா, உயரத்தை அளக்க ஒரு கயிறு கட்டி, செடி நாலு விரல் ஏறினால் ஒரு முடிச்சு போட்டான். ஜூன் நடுவில் பதினாலு முடிச்சு. கப்பலில் சக ஊழியர்களுக்கு முடிச்சுக் கணக்கு ஒப்பிக்காமல் அவன் ரொட்டியைக் கடித்ததில்லை.

பதினைந்தாவது முடிச்சு விழவில்லை.

முதலில் இளம் இலை வெளுத்தது, நரம்பு மட்டும் பச்சை. பிறகு நுனிகள் தீய்ந்து சுருண்டன. பசிதான் என்று முடிவு கட்டி ஒரு பாட்டில் கூட்டினான். இரும்புச்சத்து என்று இன்னொன்று, வேருக்கு என்று வேறொன்று. ஜூலை முதல் வாரம் சமையலறை அலமாரியில் ஏழு பாட்டில்கள் நின்றன, ஆலிவ் எண்ணெய்க்கு இடமில்லை. செடிகளோ எலும்பும் தோலுமாகிக்கொண்டிருந்தன. இனி விதை போட்டால் பருவம் தப்பிவிடும். விஸ்டின் சாப்பிடாமல் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தான்.

ஜில்யானாதான் தொட்டிகளைக் குனிந்து பார்த்தாள். தூளின்மேல் வெள்ளையாக ஏடு படிந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பினாள். கீழே போய், கடைக்காரன் இலவசமாகக் கொடுத்து உறை பிரிக்காமலே கிடந்த பேனா ஒன்றை எடுத்து வந்தாள். தண்ணீரில் விட்டால் கரைந்திருக்கிற உப்பைச் சொல்லும் கருவி. அதைக் குழாய்த் தண்ணீரில் விட்டாள்.

"சீட்டுல எவ்வளவு வரைக்கும் போலாம்னு இருக்கு?"

"உரத்தோட சேர்த்து ஆயிரத்து இருநூறு."

"வெறும் தண்ணியே ஆயிரத்து நூறு, விஸ்டின்."

அவன் பேனாவைப் பிடுங்கிப் பார்த்தான். உதறிவிட்டு மறுபடி பார்த்தான். எண் மாறவில்லை.

"சீட்டு எழுதினவன் மழை பெய்யிற நாட்டுக்காரன். நம்ம குழாயில வர்றது பாதி கடல்," என்றாள் ஜில்யானா. "பசியில வாடுதுன்னு நீ ஊட்டிட்டே இருந்த. இது பசி இல்ல, அஜீரணம். நல்ல தண்ணி ஊத்திக் கழுவணும்."

"ஜூலையில மழைக்கு எங்க போறது?"

அவள் சுவரைப் பார்த்தாள்.

"முடியாது. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"உன் வாயில படாதுன்னுதானே சொன்ன? செடி வாயில படாதுன்னு சொல்லலையே."

விஸ்டின் கடைப் பாட்டில் தண்ணீர் வாங்கலாம் என்றான். நாலு தொட்டி கழுவ இருநூறு லிட்டர், மூணு மாடி, உடைஞ்ச தோள், நான் தூக்கமாட்டேன் என்றாள் அவள். அவன் சட்டை மாற்றிக்கொண்டு, பேனாவையும் ஒரு தட்டு நிறையப் பட்டாணி அடைத்த பஸ்தித்சிப் பலகாரத்தையும் எடுத்துக்கொண்டு கிளம்பினான். பக்கத்து வாசலுக்குப் பத்தடி. பத்தடியில் மூன்று முறை நின்றான்.

கதவைத் திறந்த ஃபிலுமெனாவின் கையில் முயலுக்குப் போடுகிற புல்கட்டு இருந்தது. தம்பியை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யார் செத்தா?"

"யாரும் சாகல. சாகப் போகுது. கொஞ்சம் கிணத்துத் தண்ணி வேணும், மெனா."

"குடிக்கவா?"

"இல்ல. செடிக்கு."

"பதினோரு வருஷம் கழிச்சுச் செடிக்கு. எந்தச் செடிக்கு?"

அவன் தட்டை நீட்டினான். அவள் ஒரு பஸ்தித்சியை எடுத்துக் கடித்தபடியே, "உள்ள வா, வாசல்ல நின்னா தெருவே நோட்டம் விடும்," என்றாள்.

முற்றத்தில் வாளியை இறக்கி இழுத்தாள். விஸ்டின் பேனாவை விட்டான். நூற்றெண்பது. அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. கல்லுக்கடியில், கைக்கெட்டும் தூரத்தில், பிறந்த வீட்டுத் தண்ணீர் இவ்வளவு சுத்தமாகக் கிடந்திருக்கிறது. அவன் ஏழு பாட்டில் வாங்கியிருக்கிறான்.

"அந்தக் குச்சிய வச்சு என்ன பார்க்குற? நக்கிப் பார்த்தா தெரியாதா?" என்றாள் ஃபிலுமெனா. "என்ன மண்ணு?"

"மண்ணு இல்ல. தேங்கா நார்."

"நாரா? நார்ல என்னடா இருக்கு திங்க? வா மேல."

மாடியில் கொடி நிறையப் படுக்கை விரிப்புகள் தொங்கின. ஒன்றை விலக்கினாள். பழைய எண்ணெய் டின்களில் நாலு கஞ்சாச் செடிகள் நின்றன, கதவுயரம், கரும்பச்சை, கணுவுக்குக் கணு மொட்டுக்கு முந்தைய வெள்ளை முடி. விஸ்டின் தொப்பியைக் கழற்றினான், ஏன் கழற்றினான் என்று அவனுக்கே தெரியாது.

"சிவப்பு மண்ணு பாதி, மக்கின இலை பாதி. மேல முயல் புழுக்கை, அது சூடு கிளப்பாது, அப்படியே போடலாம். முட்டை ஓடு. முடிஞ்சது. பாட்டிலாம் பாட்டில்."

"எனக்கு வாசனை வந்துச்சு மெனா. என் செடிதான்னு நினைச்சேன்."

"உன் செடிக்கு ஏதுடா வாசனை? இலையே இல்லன்னு சுவருக்கு மேலயே பார்த்துட்டேன்."

"நீ எதுக்கு வளர்க்குற?"

ஃபிலுமெனா விரிப்பின் ஓரத்தை நீவினாள். "நீ எதுக்கோ அதுக்குத்தான். அப்பா மாதிரி நமக்கும் தூக்கம் கிடையாது. ராத்திரி மூணு மணிக்கு நீ நடக்கிறது சுவர் வழியா எனக்குக் கேக்கும். நானும் இந்தப்பக்கம் நடந்துட்டுத்தான் இருப்பேன்."

விஸ்டினும் அந்தக் காலடிச் சத்தத்தைக் கேட்டிருக்கிறான். முயல் என்று நினைத்திருக்கிறான்.

அன்று மாலையே குழாய் சுவரேறி வந்தது. அந்தப்பக்கம் ஃபிலுமெனா மோட்டாரைப் போட்டாள், இந்தப்பக்கம் ஜில்யானா தொட்டியில் ஊற்றினாள், விஸ்டின் அடியில் வழிகிற தண்ணீரில் பேனாவை வைத்துக் கத்தினான். மூவாயிரத்து நானூறு. "இன்னும் ஊத்து!" இரண்டாயிரம். ஆயிரத்து முந்நூறு. எண்ணூறு என்றபோது மூன்று பேரும் பந்தயக் குதிரைக்குக் கத்துகிற மாதிரி கத்தினார்கள். ஐந்நூறில் ஃபிலுமெனா, "என் கிணறு வத்துது, போதும்," என்று மோட்டாரை நிறுத்தினாள். பிறகு உரம், சீட்டில் போட்டதில் பாதிக்கும் கீழே, கிணற்றுத் தண்ணீரில்.

ஒன்பதாம் நாள் நுனியில் ஒரு புதிய இலை பச்சையாக விரிந்தது. பன்னிரண்டாம் நாள் விஸ்டின் பதினைந்தாவது முடிச்சைப் போட்டான். ஆகஸ்ட் நடுவில் அவன் செடிகளிலும் வெள்ளை முடி பிடித்தது. அக்கா செடிக்கு இடுப்புயரம்தான், ஆனால் மொட்டு மொட்டுதானே. குளிர்காலம் கைக்குள் வந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தில் அவன் சுத்தியும் உளியும் எடுத்துக்கொண்டு மாடி ஏறி, சுவரைத் தட்டினான்.

"மெனா, இந்தச் சுவர இடிச்சிடறேன். அப்பா வீடு பழையபடி ஒண்ணாகட்டும்."

சுவருக்கு மேல் அக்காவின் தலை எழும்பியது. நாற்காலியில் ஏறியிருக்க வேண்டும்.

"மூளை இருக்காடா உனக்கு? வீட்டுக்கு எத்தனை செடி?"

"நாலு."

"சுவர இடிச்சா எத்தனை வீடு?"

துணி காயப்போட்டுக்கொண்டிருந்த ஜில்யானா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த துணிக்கவ்விகள் கொட்டின. விஸ்டின் நின்று கணக்குப் போட்டான். பதினொரு வருடம் அவன் தினம் சபித்த சுவர்தான் இப்போது எட்டுச் செடிகளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு கல்லு," என்றான் கடைசியில். "குழாய் போறதுக்கு."

"ஒண்ணுதான். ரெண்டாவதுல கை வச்ச, வக்கீலக் கூப்பிடுவேன்."

அடிவரிசையில் ஒரு கல்லைப் பெயர்த்து எடுத்தான். தூசி அடங்கியபோது ஓட்டை வழியாகக் குழாய் வரவில்லை. ஒரு கை வந்தது, வெயிலில் கறுத்து, நகத்தில் முயல் புல்லோடு. கையில் ஒரு கண்ணாடித் தம்ளர், நிறையத் தண்ணீர். ஜில்யானா கவ்விகளைப் பொறுக்குவதை நிறுத்தினாள்.

விஸ்டின் முட்டி போட்டு அதை வாங்கினான். பேனாவைத் தேடவில்லை. ஒரே மூச்சில் குடித்து முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, காலித் தம்ளரை ஓட்டைக்குள் நீட்டினான்.

"இன்னொண்ணு குடு, மெனா."