கெடா துளுக்கவில்லை

டாக்காவிலிருந்து வந்து சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது, மோகன்குமாரைச் சரவணம்பட்டியில் ஒரு டீ நிம்மதியாகக் குடிக்க விட்டார்களா? "ஏனுங்க, அந்த வீடியோவுல வந்தது நீங்கதானுங்களே? நெம்ப அடிச்சுப்போட்டாங்களா?" என்று எவராவது வந்து நிற்பார். அடியெல்லாம் இல்லைங்க என்று சொன்னால் அவர் முகம் வாடிவிடும். உயிரோடு வந்தது போதாது, காட்டுவதற்கு ஒரு காயமும் வேண்டும் என்றால் அவன் எங்கே போவான்?

டாக்காவுக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் அவன் மெயின்டனன்ஸ் இன்ஜினியர். கலவரம் மூண்டு, ஊரடங்கு போட்டு, இன்டர்நெட்டையும் நிறுத்தியபோது மில் விடுதியில் தனியாக மாட்டிக்கொண்டான். கேட்டுக்கு வெளியே கூட்டம் கூடிய அன்று அவனைப் பின்வாசல் வழியாகத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனவன் அஃப்தாப், அதே மில்லின் ஸ்டோர் சூப்பர்வைசர். வீட்டில் இருந்ததே ஒரு படுக்கையறை. அதை மோகனுக்குக் கொடுத்துவிட்டு அஃப்தாப்பும் மனைவி ஷைமாவும் பிள்ளைகளும் சமையலறையில் படுத்தார்கள். இவன் மாட்டுக்கறி தின்னமாட்டான் என்று அங்கே இருந்தவரைக்கும் மொத்த வீட்டுக்கும் முட்டையும் பருப்பும்தான். கடைசியில் தன் மச்சானுடைய ஆட்டோவில் ஏற்றி விமான நிலையத்தில் கொண்டுவந்து விட்டவனும் அவனே.

கோவையில் வந்து இறங்கியதும் ஒரு யூடியூப் சேனல்காரன் மைக்கை நீட்டினான். மில் பேரிலிருந்து மோகன் எல்லாவற்றையும் சொன்னான். முக்கால்வாசிப் பேச்சு அஃப்தாப்பைப் பற்றித்தான். ஆனால் அந்தப் புண்ணியவான், "உயிரோட ஊடு வந்து சேருவேன்னு நெனைக்கவே இல்லீங்க" என்ற ஒரே வரியை வைத்துக்கொண்டு மீதியை வெட்டிவிட்டு, எங்கேயோ எரிந்த பஸ்ஸை அதோடு ஒட்டி, திகில் இசையும் போட்டு விட்டுவிட்டான். அது ஊரெல்லாம் சுற்றி டாக்கா மில் ஆட்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் போய்ச் சேர்ந்தது.

அன்றிலிருந்து அஃப்தாப் போனை எடுப்பதில்லை. மோகன் அனுப்பும் செய்திகளுக்கெல்லாம் நீலக் குறி விழும், பதில் மட்டும் வராது. அப்படியென்றால் படிக்கிறான், பேசத்தான் பிடிக்கவில்லை. ஒளித்துவைத்துச் சோறு போட்டவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வாய் வராத நன்றிகெட்டவன் என்றுதானே அவன் நினைத்திருப்பான்? இந்த நினைப்பு மோகனை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. சேனல்காரனைக் கூப்பிட்டுச் சண்டை போட்டான். "முழுசா போட்டா யாருங்க சார் பாப்பாங்க?" என்று அவன் சிரித்தான்.

வீட்டில் பேச்செடுத்தால் அங்கேயும் கத்திரிதான். "உடுங்க, நீங்க வந்து சேந்தாச்சு. அவிய சோலிய அவிய பாக்கட்டும்" என்பாள் மனைவி பிரவீனா. "அந்த ஊருப் பேச்சே வேண்டாங் கண்ணு" என்று அம்மா சாமியாத்தாள் காதைப் பொத்திக்கொள்வாள். மாமனார் கந்தப்பனுக்கோ வெறும் வாயை மென்றவருக்கு அவல் கிடைத்த கதை. காரமடைச் சந்தையில் கண்ணில் பட்டவருக்கெல்லாம், "எங்க மாப்ளைங்க" என்று அந்த வீடியோவைக் காட்டிக்கொண்டு திரிந்தார்.

மகன் வீடு வந்து சேர்ந்தால் கெடா வெட்டுவதாகச் சாமியாத்தாள் கருப்பராயனுக்கு வேண்டியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காரமடைக்குப் பக்கத்தில் இருக்கும் குலதெய்வக் கோயிலில் சொந்தபந்தம் எல்லாம் கூடிவிட்டது. கெடாயைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, சாமிக்கு முன்னால் நிறுத்திப் பூசாரி மஞ்சள் தண்ணீர் தெளித்தார். கெடா உடம்பை உதறித் துளுக்க வேண்டும். துளுக்கினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம், அதுவரைக்கும் யாரும் கத்தியைத் தொடமாட்டார்கள்.

கெடா துளுக்கவில்லை. கழுத்து மாலையில் எட்டிய பூவைக் கடித்து மென்றுகொண்டு நின்றது.

மறுபடி தெளித்தார். அது பூசாரியை ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த பூவுக்குப் போனது. வெயில் ஏறியது. அடுப்பு மூட்டிய சமையல்காரர் இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஜனம் முணுமுணுக்க ஆரம்பித்தது.

"என்னமோ கொறை இருக்குதுங்க" என்றார் பூசாரி. "ஆரு மனசுலயாச்சும் எதாச்சும் இருந்தா வெளிய சொல்லிப்போடுங்க."

போன வருசம் பொங்கல் வைக்காமல் விட்டுவிட்டேன் என்று சாமியாத்தாள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கெடா நகரவில்லை. இதைவிடப் பெரிய கெடா வாங்கியிருக்கலாம் என்று கந்தப்பன் சொன்னார். அதற்கும் நகரவில்லை. பிறகு எல்லார் கண்ணும் மோகன் பக்கம் திரும்பியது.

"கொறை என்னோடதுதானுங்க" என்றான் மோகன். ஒரு மாதமாக அடைத்துக்கிடந்தது உடைந்துகொண்டு வந்தது. "என்னைய ஆரும் அடிக்கலீங்க. அஃப்தாப்னு ஒருத்தரு, எங்க மில்லு ஸ்டோருல இருக்கறாரு. அவரு ஊட்டுலதான் என்னைய ஒளிச்சு வெச்சிருந்தாரு. பெத்த புள்ளைகளச் சமயக்கட்டுல படுக்கப்போட்டுட்டு எனக்குக் கட்டில் குடுத்தாருங்க. நான் உசுரோட நிக்கறேன்னா அது அஃப்தாப்னாலதான். அவரு பேரச் சொன்னா ஊட்டுல கேக்க ஆளில்ல, டிவிக்காரனும் வெட்டிப்போட்டான். இந்தக் கெடாயே அவருக்குத்தானுங்க..."

கந்தப்பன் பூசாரிக்குக் கண்ணைக் காட்டினார். பூசாரி ஒரு குடம் தண்ணீரை அப்படியே கெடாயின் முதுகில் கவிழ்த்தார். எந்த ஜீவன்தான் உதறாது? உதறியது. "உத்தரவாயிருச்சு!" என்று கூட்டம் கத்தியது. உறுமி மேளம் முழங்கியது. மோகனின் பேச்சு இரண்டாம் தடவையும் பாதியில் அறுந்தது. தொண்டை கிழியக் கத்தினாலும் அவனுக்கே அவன் குரல் கேட்டிருக்காது. ஆத்திரத்தில் வேலிப்பக்கம் போய் நின்றுகொண்டான்.

பிரவீனா பின்னாலேயே வந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது. "இத்தன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாதுங்க. நீங்க பேசுனது பூராம் போன்ல எடுத்திருக்கறேன்" என்றாள்.

அவனுக்கு உயிர் வந்தது. "எனக்கு அனுப்பு. நம்ம குரூப்புல எல்லாத்துலயும் போடு. எல்லாரும் பாக்கட்டும்" என்றான். வாங்கிய கையோடு அஃப்தாப்புக்கும் அனுப்பினான். ஒரு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவனுக்கு மூச்சு லேசாக வந்தது.

பந்தியில் உட்கார்ந்து முதல் உருண்டையைப் பிசையும்போது குரல் பதிவாகப் பதில் வந்தது. அஃப்தாப்பின் குரல், யாருக்கோ கேட்டுவிடுமோ என்பது போலத் தாழ்ந்திருந்தது. வழக்கம்போல 'தாதா', அதாவது அண்ணா, என்று கூப்பிட்டு, இருவருக்கும் பழகிய அந்த அரைகுறை இந்தியில் சொன்னான்:

"தாதா, உங்கள் பாஷை எனக்குப் புரியவில்லை. என் பேர் மட்டும் கேட்கிறது. முதல் வீடியோவில் என் பேர் இல்லாததைப் பார்த்து, நீங்கள் யோசித்துத்தான் விட்டிருக்கிறீர்கள் என்று ஷைமா உங்களுக்காகத் தொழுதாள். இந்தியாக்காரனை எந்த வீட்டில் வைத்திருந்தார்கள் என்று எங்கள் தெருவில் இன்னும் சிலர் விசாரித்துக்கொண்டு திரிகிறார்கள். அதனால்தான் நான் போனை எடுப்பதில்லை. இதை அழித்துவிடுங்கள் தாதா. என் பேரை எங்கேயும் சொல்லாதீர்கள்."

மோகன் இலையை அப்படியே விட்டு எழுந்தான். அஃப்தாப் கோபித்துக்கொண்டான் என்று தானாகவே முடிவு கட்டி, சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்துவிட்டானே! எச்சில் கையோடு ஓடி, "பிரவீனா, அத அழி! எல்லா குரூப்புலயும் அழி!" என்று கத்தினான். அவள் பதறிப்போய் அழித்தாள். ஆனால் பந்தி நெடுக அவரவர் போனில் அவன் குரல்தான் கேட்டுக்கொண்டிருந்தது. "அழிச்சுப்போடுங்க, உங்க கால்ல உழுகறேன்" என்று இலை இலையாகக் கெஞ்சிக்கொண்டு போனான். "எனத்துக்குங்க? நெம்ப நல்லாப் பேசியிருக்கறீங்க. உக்காருங்க, கறி ஆறிப்போகும்" என்றார்கள்.

பந்தியின் கடைசியில் கந்தப்பன் உட்கார்ந்திருந்தார். பூசாரிக்குக் கண்ணைக் காட்டிப் பேச்சை வெட்டியது அவரை உறுத்தியிருக்கும் போல. மருமகனைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பாகப் போனை நீட்டினார்.

"மாப்ள, உங்க மனசு தெரியாம இருந்துட்டேனுங்க. அந்தச் சேனல்காரனுக்கு நானே அனுப்பி உட்டேன். இந்தவாட்டி ஒரு வார்த்தை வெட்டலீங்க. அந்தப் பையன் பேரு, மில்லு பேரு, அல்லாத்தையும் கொட்டை எழுத்துல போட்டிருக்கறான், பாருங்க!"