மாடியறையின் படம் நின்றபோது

மாடியறைக் கேமராவின் படத்தில் மகள் டலிலா நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். வலக்கை தலையணைக்கு அடியில், போர்வை இடுப்புவரை. சலேஹா எண்ணெயில் கிழங்கு அடைத்த கறிபப் பலகாரத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு, மாவு டின்மேல் சாய்த்து வைத்திருந்த கைப்பேசியைப் பார்த்தாள். அதே தூக்கம். இன்னும் பத்துப் பன்னிரண்டு கறிபப்பைப் பொரித்தெடுத்துவிட்டுப் பார்த்தாள். அதே தூக்கம். மூன்றாம் முறை பார்த்தபோதுதான் உறைத்தது. ஏர்கான் குளிர்காற்றில் ஓயாமல் ஆடும் கொசுவலையின் ஓரம் ஆடவில்லை.

அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள். கூடத்தைத் தாண்டி, படிகளில் ஏறி, கதவைத் தள்ளினால், குழந்தை விழி மேலே செருகி, கடைவாயில் நுரையோடு வெட்டி இழுத்துக்கொண்டிருந்தது. போர்வை தரையில் கிடந்தது. சலேஹா அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்துப் பிடித்துக்கொண்டாள். சற்று நேரத்தில் உடம்பு தளர்ந்தது, மூச்சு சீரானது. பிழைத்தாள். ஆனால் வலிப்பு எப்போது தொடங்கியது என்று சலேஹாவுக்குத் தெரியவில்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். தான் பார்த்துக்கொண்டிருந்தது எத்தனை நிமிடத்துக்கு முந்தைய படம்?

மலேசியாவின் மூவாரில் அந்த வாடகை வீட்டுக்கு வந்து எட்டு மாதம். ஐந்து வயது டலிலாவுக்கு உடம்பு சூடானால் வலிப்பு வரும்; பெரும்பாலும் தூக்கத்தில் வரும். வீட்டில் ஏர்கான் இருந்தது மாடியறையில் மட்டும். அடுப்படியோ வீட்டுக்குப் பின்னால் பிறகு சேர்த்துக் கட்டியது. வைஃபை அங்கே எட்டவில்லை. சுவரைத் துளைத்துக் கம்பி இழுக்க வீட்டுக்காரர் சம்மதிக்கவில்லை. அதனால்தான் கணவன் ஹம்டான், வீட்டு மின்கம்பி வழியாகவே படத்தைக் கொண்டுவரும் பெட்டிகள் ஒரு சோடி வாங்கினான். ஒன்றை மாடியறை பிளக்கில் சொருகிக் கேமராவோடு இணைத்தான். மற்றதை அடுப்படியில் சொருகினான்; அங்கிருந்து படம் கைப்பேசிக்கு வந்தது. ஆறு மாதம் நன்றாகத்தான் ஓடியது.

படம் நின்ற அன்று சாயங்காலம் நாற்காலித் தொழிற்சாலையிலிருந்து வந்த ஹம்டான் அடுப்படிப் பெட்டியைக் கழற்றி மாட்டினான். பச்சை விளக்கு எரிந்தது. கைப்பேசியில் டலிலா பொம்மையோடு நடமாடினாள்.

"இதோ, நல்லாத்தானே இருக்கு சலே?"

"இப்ப நல்லாத்தான் இருக்கும் அபாங். மத்தியானம் வந்து பாருங்க." மலாய் வழக்கப்படி கணவனை அவள் அபாங் என்றுதான் கூப்பிடுவாள்.

அங்கே வந்திருந்த ஹம்டானின் மூத்த அண்ணன், எல்லோருக்கும் அபாங் லோங், அதாவது பெரியண்ணன், கறிபப் தின்றுகொண்டே சிரித்தார். "மலிவா வாங்கினா இப்படித்தான். தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குடா. ஏன் சலேஹா, நாங்க எல்லாம் கேமரா வச்சா வளந்தோம்? எங்கம்மா ஒன்பது பேரைப் பெத்தாங்க, ஒருத்தரையும் டிவியில பாக்கல."

"உங்க ஒன்பது பேர்ல யாருக்கும் வலிப்பு இல்ல அபாங் லோங்."

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு இன்னொரு கறிபப்பை எடுத்துக்கொண்டார்.

மறுநாள் சலேஹா, நொடிமுள் உள்ள ஒரு சுவர்க் கடிகாரத்தைக் கட்டிலுக்குப் பின்னால், கேமராவில் தெரியும்படி மாட்டினாள். முள் ஓடினால் படம் உயிரோடு இருக்கிறது. நின்றால் ஓட வேண்டும். அந்த வாரம் முழுக்க அவள் குழந்தையைப் பார்க்கவில்லை, முள்ளைத்தான் பார்த்தாள். வெங்காயம் நறுக்கும்போது விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டாள். ஒரு மத்தியானத்தில் ஆறு முறை படியேறினாள். ஆறு முறையும் டலிலா நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பெருமூச்சோடு இறங்கும்போதே அடுத்த பயம் தொடங்கிவிடும்.

படம் நிற்கும் நேரத்தையெல்லாம் ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுதினாள். ஒன்று இருபது, ஒன்று முப்பத்தாறு, ஒன்று ஐம்பத்திரண்டு. வியாழக்கிழமை அவற்றைக் கழித்துப் பார்த்தாள். கிட்டத்தட்ட பதினாறு நிமிடத்துக்கு ஒரு முறை. கெட்டுப்போன பெட்டி இப்படிக் கணக்காகவா நிற்கும்?

சனிக்கிழமை ஹம்டானுக்கு விடுமுறை. அவனை அடுப்படியில் கைப்பேசியோடு உட்காரவைத்துவிட்டு, வீட்டில் ஒவ்வொன்றாக அணைத்துக்கொண்டே வந்தாள். ஃபிரிட்ஜை நிறுத்தினாள், அப்போதும் படம் இடையிடையே நின்றது. துணி துவைக்கும் இயந்திரம், சோற்றுப்பானை, தண்ணீர் மோட்டார், கைப்பேசி சார்ஜர், எதை நிறுத்தினாலும் படம் நின்று நின்றுதான் வந்தது. கடைசியாக மாடிக்குப் போய் ஏர்கானை அணைத்தாள்.

"அபாங், இப்ப?"

"ஓடுது."

அரைமணி நேரம் ஓடியது. ஏர்கானைப் போட்டாள். பதினாறு நிமிடத்துக்கு ஒரு முறை தானாக நின்று கிளம்பும் அதன் வெளிப்பெட்டி உறுமத் தொடங்கியதும் கீழிருந்து ஹம்டான் கத்தினான்: "நின்னுடுச்சு!"

மூச்சிரைக்க மேலே வந்தவன் முகத்தில் வெற்றி. "கண்டுபிடிச்சிட்டோம்! ஏர்கான் இரைச்சல் கம்பியில கலக்குது. தடுக்கிறதுக்குன்னு ஒரு பிளக் இருக்காம். நாளைக்கே வாங்கிடறேன்."

சலேஹா ஏர்கானை நிமிர்ந்து பார்த்தாள். ஆறு மாதமாக அதே ஏர்கான், அதே பெட்டி. அப்போதெல்லாம் கலக்காதது இப்போது ஏன் கலக்கிறது? கட்டில் தலைமாட்டுக்குப் பின்னால் கேமராப் பெட்டி சொருகியிருந்த பிளக் பக்கம் குனிந்தாள். கருவாட்டு வாடை அடித்தது. இரண்டு வாரமாகவே அறையில் அந்த வாடை. பக்கத்து வீட்டில் மீன் காயப்போடுகிறார்கள் என்று நினைத்துத் திரைச்சீலையை இரண்டு முறை துவைத்திருந்தாள். இப்போது புறங்கையைச் சுவர்த் தகட்டில் வைத்தாள்.

"அபாங், இங்க தொட்டுப் பாருங்க."

தொட்டவன் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டான். இருவரும் ஒரே நேரத்தில் கட்டிலைப் பார்த்தார்கள். தலையணை அந்தத் தகட்டிலிருந்து ஒரு முழத் தூரம்கூட இல்லை. கொசுவலை அதன்மேல் உரசிக்கொண்டிருந்தது. ஹம்டான் கீழே ஓடி மெயின் சுவிட்சை இறக்கினான்.

அவன் கூப்பிட்டதும் வயர்மேன் தெங் வந்து திருகுகளைக் கழற்றித் தகட்டை இழுத்தார். உள்ளே பிளாஸ்டிக் உருகிப் பழுப்பாக வழிந்திருந்தது; கருவாட்டு வாடை அதிலிருந்துதான் வந்தது. ஒரு கம்பியின் நுனி கரிக்கட்டை.

"ஐயோ அக்கா, யார் இந்த வேலை செஞ்சது? ஏர்கானுக்குத் தனி லைன் இழுக்கணும். இந்தப் பிளக்குலேர்ந்தே திருட்டுத்தனமா இழுத்து விட்டுருக்கான்."

"எங்களுக்கு முந்தி இருந்தவங்களா இருக்கும் அங்கிள்."

"கம்பி லூசாயிடுச்சு. ஏர்கான் இழுக்கும்போதெல்லாம் உள்ளுக்குள்ள பொறி பறந்திருக்கு. அந்தப் பொறிதான் உங்க படத்தைக் கெடுத்தது. இன்னும் நாலு நாள் விட்டிருந்தா..." அவர் கட்டிலைப் பார்த்தார்.

ஹம்டான் மெத்தை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டான். "அபாங் லோங் சொன்னாரேன்னு நான் புதுப் பெட்டி பாத்து வச்சுட்டேன் சலே. இன்னிக்கு வாங்கறதா இருந்தேன். வாங்கியிருந்தா இந்தச் சுவரை யாரு தொட்டுப் பாத்திருப்போம்?"  சலேஹாவுக்கு அவனைத் தேற்றவும் தோன்றவில்லை, திட்டவும் தோன்றவில்லை. அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்காரர் முதலில் தொலைபேசியில் இழுத்தடித்தார். தெங் கைப்பேசியை வாங்கி ஹொக்கியன் சீனமொழியில் நான்கு வார்த்தை சூடாகப் பேசிய பிறகு வழிக்கு வந்தார். இரண்டு நாளில் ஏர்கானுக்குத் தனிக் கம்பி வந்தது. மாடியறைக்குப் புதுப் பிளக் வந்தது. அதுவரை டலிலா கூடத்தில் மின்விசிறிக்கு அடியில் தூங்கினாள். சலேஹா பொரிப்பதை விட்டுவிட்டு ஈரத்துணியோடு பக்கத்திலேயே இருந்தாள். பழைய பெட்டிகளையே மறுபடி சொருகினார்கள். படம் ஒருமுறைகூட நிற்கவில்லை. இருந்தாலும் சலேஹா முதல் வாரம் முழுக்க அடிக்கடி மாடியேறி அந்தச் சுவரைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது.

மூன்று வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை, மாவு பிசைந்துகொண்டிருந்தவள் படத்தில் டலிலாவின் இடது கால் விசித்திரமாக வெட்டுவதைப் பார்த்தாள். மாவுக் கையோடு ஓடினாள். குழந்தையின் வாயில் நுரை வருவதற்குள் அவளை ஒருக்களித்துப் பிடித்திருந்தாள். ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல் இழுத்தது, பிறகு விட்டது.

டலிலா வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள். அம்மாவின் கையையும் தன் சட்டையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மாக், ஏன் என் மேல எல்லாம் மாவு?"

"நான்தான் அவசரத்துல பூசிட்டேன்."

"கழுவிட்டு வரக்கூடாதா?" என்று சலித்துக்கொண்டு, அம்மா மடியிலேயே மறுபடி தூங்கிப்போனாள்.