நேராக நின்ற குழல்

கடலூர் என்.சி.சி. அலுவலக மேசைமேல் இரண்டு துப்பாக்கி பாடிகளையும் ஒரே ஒரு குழலையும் வைத்திருந்தார்கள். ஒரு பாடி எங்கள் சிதம்பரத்துடையது. இன்னொன்று கடலூருடையது. குழல் யாருடையது என்பதுதான் பஞ்சாயத்து. வெள்ளத்தில் நனைந்த இரண்டு குழல்களையும் கழற்றி ஒரே பெட்டியில் பழுதுபார்க்க அனுப்பினோம். திரும்பி வந்தது ஒன்று. ரசீது வாங்காமல் நம்பி அனுப்பியது எங்கள் புத்தி. யாருடைய பாடி குழலில்லாமல் நிற்கிறதோ அந்த ஸ்டோர் கீப்பருக்கு சஸ்பென்ஷன், போலீஸ் கேஸ். சிதம்பரம் ஸ்டோர் கீப்பரான எனக்கு இந்த முப்பத்தொன்றாம் தேதி ஓய்வு. கடலூர் ஸ்டோர் கீப்பர் பிரிசில்லாவுக்கு, புருஷன் செத்து அவர் வேலை கிடைத்து ஆறு வருஷம்.

குழலில் நம்பர் இருந்தால் இந்தக் கூத்தே இல்லை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்துச் சந்தனப் பொட்டு வைத்தவன் நான். நம்பரும் சேர்ந்து தேய்ந்துபோனது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகும் பிரிசில்லாவும் இதில் எனக்குச் சளைத்தவள் இல்லை. வந்த அதிகாரிகள் எல்லாரும் பாராட்டிவிட்டுத்தான் போனார்கள்.

விசாரணைக்கு வந்த சிவசங்கர் சாருக்கு முப்பது வயதுகூட இருக்காது. "ரெண்டுலயும் போட்டுக் காட்டுங்க" என்றார். என் பாடியில் குழலைக் கையால் திருகினேன். குறிபார்ப்பதற்காக நுனியிலிருந்த குறிமுள் கொஞ்சம் சாய்ந்தபடி நின்றுவிட்டது. கழற்றிக் கடலூர் பாடியில் திருகினேன். குறிமுள் கொடிக்கம்பம் மாதிரி நேராக நின்றது.

"அப்புறம் என்ன சபாபதி, கடலூரோடதுதான்" என்று பேனாவைத் திறந்தார்.

இல்லை. கையால் திருகும்போது கொஞ்சம் முன்னாலேயே நிற்க வேண்டும். மிச்சத்தை ஸ்பேனர் போட்டு முறுக்கினால்தான் குறிமுள் நிமிரும், குழலும் இறுகும். கையிலேயே நிமிர்ந்துவிட்டால் முறுக்கியதும் மறுபக்கம் சாய்ந்துவிடும். குழல் என்னுடையது. ஒரு வாக்கியம் போதும். பிரிசில்லாவைப் பார்த்தேன். முப்பத்திரண்டு வருஷம் இந்த இரும்பைத் துடைத்த அலுப்பெல்லாம் தோளில் ஏறி உட்கார்ந்துகொண்டது. குழல் அவளுக்கே போய்த் தொலையட்டும் என்று நினைத்தேன். உடனே வீட்டில் காத்திருக்கும் மனைவி மாலதியின் முகம் நினைவுக்கு வந்தது.

"சார், எழுதாதீங்க" என்றாள் பிரிசில்லா. "கையால சுத்துனா இவ்ளோ நேரா நிக்கக் கூடாது. இது அண்ணனோடது. அவுருக்கும் தெரியும்."

சிவசங்கர் சார் என்னைப் பார்த்தார். "ஆமா சார்" என்றேன். வெட்கமாக இருந்தது. ஆனால் நிம்மதிதான் முதலில் வந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவர் எழுதி முடித்து வெளியே போனதும், "ஏம்மா சொன்ன?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லுவீங்கன்னுதாண்ணே பாத்துக்கினு இருந்தேன்."

குழலைக் கழற்றித் துடைத்து என்னிடம் நீட்டினாள். பிறகு பழந்துணி ஒன்றைச் சுருட்டி, தூசி போகாமல், தன் பாடியின் வெறும் வாயில் பத்திரமாக அடைத்தாள்.