'என்னைப் பற்றி' பக்கத்தில் அக்கா

சின்னவளுக்கு எழுத வரும் என்பது அவளுக்கே தெரியாது. அப்பாவைப் பக்கவாதம் தாக்கி, வலது கையையும் பேச்சையும் ஒரேயடியாகப் பிடுங்கிக்கொண்டு போன பிறகுதான் அது வெளியே வந்தது. வேறு ஊரில் இருந்த அக்கா வாரத்துக்கொரு தடவை போன் செய்து, "அப்பா எப்படி இருக்கார்?" என்பாள். வாயால் சொல்ல ஆரம்பித்தால் சின்னவளுக்குக் கோவையாக வராது. அதனால் செய்தியாக எழுதி அனுப்பினாள். எழுத எழுத அது நீண்டுகொண்டே போனது.

அப்பாவின் முதல் வார்த்தை ஒரு கெட்ட வார்த்தை. அதுவும் டிவி ரிமோட்டைப் பார்த்து. மாதக்கணக்கில் கண்ணாடி முன்னால் உட்கார வைத்து, "தண்ணி சொல்லுங்கப்பா, தண்ணி" என்று வாயைக் கோணிக் கோணிக் காட்டியவளுக்கு ஒரு 'த' கூடக் கிடைக்கவில்லை. வேலை செய்யாத ரிமோட்டுக்கு மட்டும் முழு வசவு, அட்சர சுத்தமாக. வசவும் பாட்டும் எண்ணிக்கையும் மூளையில் வேறு இடத்தில் தப்பித்துக் கிடக்குமாம். பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாள் சொன்னார். எத்தனை பிஸ்கட் வேண்டும் என்று கேட்டால் அப்பாவுக்கு 'மூணு' வராது. 'ஒண்ணு, ரெண்டு' என்று அடியிலிருந்து ஏறி வந்து, மூன்றில் சடாரென்று வாயை மூடிக்கொள்வார். சில நாள் நிறுத்த முடியாமல் எட்டுவரை போய்விடுவார். அன்றைக்கு எட்டு பிஸ்கட்தான், வேறு வழி?

"இத எனக்கு மட்டும் அனுப்பி என்னடி பிரயோஜனம்? ஒரு பிளாக் ஆரம்பி," என்றாள் அக்கா.

"எனக்கு அதெல்லாம் எங்க தெரியும்?"

"நான் எதுக்கு இருக்கேன்? என் மெயில்லயே ஆரம்பிச்சுத் தரேன். நீ எழுதி வரைவுல போட்டு வை. பிழை பாத்து நான் வெளியிடறேன். ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்கோ, யார் பேரும் எழுதாத. நான், அப்பா, அக்கா, அவ்வளவுதான். குடும்ப விஷயம் பாரு."

அக்கா சொன்னால் சின்னவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. அக்கா பெரிய அலுவலகத்தில் நாளெல்லாம் கணினியோடு இருப்பவள். இவளோ வீட்டுக்குக் கீழேயே இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் கோணல் பிரேமை நிமிர்த்துகிறவள். கடுகளவு திருகாணியைக் கீழே விட்டால் தரையில் தவழ்ந்து தேடி எடுக்கும் பொறுமை இருந்தது. பிளாக் தொடங்கும் தைரியம் இல்லை.

எழுதினாள். அப்பாவைக் குளிப்பாட்டியதை, சோப்பு வழுக்கி இருவரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்ததை, ஸ்ட்ராவில் ஊதிக் குமிழி விடும் பயிற்சியில் அவர் வேண்டுமென்றே அவள் முகத்தில் தண்ணீர் அடித்ததை. அவள் பார்த்ததெல்லாம் போனில் திறக்கும் அந்த வெள்ளைப் பெட்டியையும் 'சேமி' என்ற பொத்தானையும்தான். படிக்கிறவர்களுக்கு அது எப்படித் தெரிகிறது என்று ஒருநாளும் போய்ப் பார்க்கவில்லை. அட அசடே, எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா என்று நாம் கேட்கலாம். வீட்டுக்குள்ளேயே கிடக்கிறவளுக்கு வாசலில் யார் பெயர்ப் பலகை தொங்குகிறது என்று எப்படித் தெரியும்?

பின்னூட்டங்களை அக்காதான் போனில் படித்துக் காட்டுவாள். "ஒருத்தர் பஸ்ல படிச்சுட்டே அழுதாராம்டி. எறங்க வேண்டிய எடத்த விட்டுட்டாராம்." அன்றைக்கெல்லாம் சின்னவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. கடையில் யாரிடமும் சொல்லவில்லை, சொல்ல வெட்கம். சந்தோஷத்தைக் கன்னத்துக்குள் ஒதுக்கிய மிட்டாய் மாதிரி வைத்துக்கொண்டு வேலை பார்த்தாள்.

ஒருநாள், அந்தத் தெருவுக்குப் புதிதாக வந்திருந்த தெருமுனை பேக்கரிக்காரம்மா தன் கண்ணாடியின் மூக்குத் தாங்கியை மாற்ற வந்தார். அவருடைய வீட்டுக்காரருக்கும் பக்கவாதம். சின்னவள் பழைய தாங்கியைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது, அவர் போனைக் கண்ணுக்கு வெகு அருகில் வைத்துக்கொண்டு தானாகவே பேச ஆரம்பித்தார்.

"இந்தப் பொண்ணு எழுதறதப் பாத்துத்தான் எங்க வீட்டுக்காரரும் எண்ணிப் பேச ஆரம்பிச்சிருக்கார். உன்ன மாதிரிப் பொண்ணுங்கதான் இதப் படிக்கணும். அப்பாவ எப்படிப் பாத்துக்கிறா தெரியுமா? அடுத்த வாரம் நம்ம ஆஸ்பத்திரில வந்து பேசப் போறாளாம்."

சின்னவளுக்கு முகம் சூடானது. தன்னைத்தான் சொல்கிறார் என்று புரிந்து, குனிந்து புதுத் தாங்கியைத் திருகினாள். ஆஸ்பத்திரியில் பேசப் போவது அவளுக்கே புதுச் செய்தி.

"இங்க பாரு," என்று பேக்கரிக்காரம்மா போனைத் திருப்பிக் காட்டினார். 'என்னைப் பற்றி' என்ற தலைப்பு. அதன் கீழே அக்காவின் பெயர். பக்கத்திலேயே அக்காவின் படம், கட்டிலில் உட்கார்ந்து அப்பாவுக்குக் கரண்டியால் ஊட்டுகிற மாதிரி. அப்பா படுத்த பிறகு அக்கா வந்துபோன ஒரே தடவை எடுத்த படம். எடுத்ததே சின்னவள்தான்.

"நல்ல முகம், இல்ல?" என்றார் பேக்கரிக்காரம்மா.

கண்ணாடியைத் துடைத்துக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, சின்னவள் அந்தப் பக்கத்தைத் தன் போனில் தேடிப் பிடித்து உட்கார்ந்து படித்தாள். வரிக்கு வரி அவள் எழுதியதுதான். இரண்டே விஷயத்தில் கை வைத்திருந்தாள் அக்கா. அப்பாவின் முதல் வார்த்தை வசவாக இல்லை, 'கண்ணம்மா' என்று ஆகியிருந்தது. இன்னொன்று, 'அக்கா போன் செய்தாள்' என்று எழுதிய இடத்திலெல்லாம் 'தங்கை போன் செய்தாள்' என்று இருந்தது. பெயர் எதுவும் எழுதாத கதையில் ஆளை மாற்ற வேறென்ன வேண்டும்? அந்தப் பக்கத்தில், வாரத்துக்கொரு தடவை போன் செய்து விசாரிப்பதோடு கடமையை முடித்துக்கொள்ளும் தங்கை இவள். அதையும் கண்டித்து ஒருவர் பின்னூட்டம் போட்டிருந்தார். சின்னவள் அதை மூன்று தடவை படித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள், ஆஸ்பத்திரியில் பேசுவதற்கென்று தைத்த புதுச் சட்டையோடு. அப்பாவின் அறையிலேயே சின்னவள் கேட்டுவிட்டாள்.

"அக்கா, 'என்னைப் பற்றி'ல உன் படம் இருக்கு."

அக்கா திடுக்கிடக்கூட இல்லை. "பாத்துட்டியா? காலியா விட்டா யாருடி நம்புவாங்க? ஒரு முகம் வேணும்ல."

"என் முகத்துக்கு என்ன?"

"நீ போட்டோ எடுத்தாலே கண்ண மூடிக்குவ."

"அக்கான்னு எழுதினதெல்லாம் தங்கைன்னு ஆயிருக்கே, அது யாரு மூடின கண்ணு?"

அக்கா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குரல் இறங்கியது. "இத்தன வருஷமா அந்த வீட்டுல நான் ஒரு ஆளாவே இல்லடி. இப்பத்தான் மாமியார் நாலு பேர்கிட்ட 'எம் மருமக'ன்னு சொல்றாங்க. எனக்கு இது வேணும். உனக்கு எதுக்கு? நீதான் அப்பா பக்கத்துலயே இருக்கியே."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேனோ என்னமோ. கேக்கவே இல்லையே நீ."

"அப்பாகிட்ட கேட்டேன். நீ கீழ கடையில இருந்தப்போ வீடியோ கால்ல படத்தக் காட்டிக் கேட்டுட்டுத்தான் போட்டேன். அவர் சரின்னு தலையாட்டினார்."

சின்னவள் அப்பாவைப் பார்த்தாள். பொய் என்று அவர் தலையசைப்பார் என்று நினைத்தாள். பேச வராவிட்டாலும் பரவாயில்லை, அந்த ரிமோட்டுக்குக் கிடைத்த வசவில் பாதி அக்காவுக்குக் கிடைத்தால்கூடப் போதும் என்று இருந்தது. அப்பா இடது கையால் போர்வையைத் தடவினார். உதடு குவிந்தது, பிரிந்தது. எதையோ கூட்டிச் சேர்க்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த முகத்தின் ஒவ்வொரு அசைவும் அவளுக்குத்தானே தெரியும்.

"அவ... பேர்லயே... இருக்கட்டும். நீ விட்டுக் குடும்மா."

எண்ணிக்கொண்டு ஏறி வரவில்லை. எந்தச் சொல்லும் பாதியில் நிற்கவில்லை. இத்தனை நாளில் ஒரு சொல், இரண்டு சொல் என்று வந்துகொண்டிருந்தவரிடமிருந்து முதல் தடவையாக முழுசாக ஒரு வாக்கியம் வந்துவிட்டது. 'ட்' வராமல் கண்ணாடி முன்னால் அவர் அழுததும், அவர் நாக்கு நுனியில் துளித் தேன் வைத்து அவள் அதை வரவழைத்ததும் அவள் கண்ணுக்கு முன்னால் வந்தன. அக்கா செய்தது திருட்டு. திருட்டுக்கு ஒரு சண்டை போட்டு ஆறலாம். தனக்குப் பேச்சு போன நாளிலிருந்து அவள் செய்ததையெல்லாம் கூடவே இருந்து பார்த்த அப்பா, எல்லாம் தெரிந்தே தலையாட்டிவிட்டு, அவள் ஒவ்வொன்றாக ஊட்டிய சொற்களை வைத்தே அவள் கழுத்தை அறுத்துவிட்டார். அதை எங்கே போய் ஆற்றுவது?

"அப்பா முழுசா பேசிட்டாருடி," என்றாள் அக்கா, கண் கலங்கி, உண்மையான சந்தோஷத்தோடு. "இத எழுதி அனுப்பு. இன்னிக்கே போட்டுடலாம்."

"எழுதறேன்," என்றாள் சின்னவள்.

கீழே இறங்கி, விடுமுறைக்காக மூடியிருந்த கடையைத் தன்னிடமிருந்த சாவியால் திறந்து, பிரேம் நிமிர்த்தும் மேசை முன்னால் உட்கார்ந்தாள். தன் மெயிலில் தனக்கென்று ஒரு வலைப்பூவைத் தொடங்கினாள். பெரிய வித்தை என்று அவள் பயந்த வேலை, கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற நேரத்துக்குள் முடிந்துவிட்டது. 'என்னைப் பற்றி' என்று கேட்டது. தன் பெயரை அடித்தாள். இனிஷியலுக்கு விரலைக் கொண்டுபோனாள். அது அப்பாவின் பெயரின் முதல் எழுத்து. விரல் அங்கேயே நின்றது. பிறகு அதைப் போடாமலே அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

முதல் பதிவுக்கு மூன்று வரிதான் வந்தது.

'இன்று அப்பா முதல் தடவையாக முழுசாகப் பேசினார். அந்தச் சொற்களைச் சொல்லிக் கொடுத்தது நான். அவர் பேசியது எனக்கு எதிராக.'

பிழை பார்க்க யாருக்கும் அனுப்பவில்லை. வெளியிடும் பொத்தானை அவளே அழுத்தினாள்.