கேட்டில் ஒரு மறைப்பு

மலாக்கா டவுனில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் டோரிஸ் கைவேலை டீச்சராகச் சேர்ந்து அது இரண்டாம் வருடம். வரும் சனிக்கிழமை பள்ளிக் கண்காட்சி. மாணவிகள் ஆளுக்கொரு பொருள் செய்து கொண்டுவந்திருந்தார்கள். வாங்கி அடுக்கி வைத்துவிட்டுப் போக டோரிஸுக்கு மனமில்லை. ஒவ்வொருத்தியும் எழுந்து, என்ன சிக்கலுக்காக அதைச் செய்தாள், முதலில் எது சரிவரவில்லை, பிறகு எதை மாற்றினாள் என்று சொல்ல வேண்டும் என்றாள்.

“எல்லாம் சரியா வந்துச்சு டீச்சர்” என்றாள் அகதா, தன் மேசை விரிப்பைத் தூக்கிக் காட்டி. அவள் பண்டார் ஹிலிரில் தையல் கடை வைத்திருப்பவரின் மகள்.

“ஒரு எடத்துலகூடப் பிரிச்சுத் தைக்கலயா?”

அகதா சிரித்து மழுப்பினாள். பூவேலையின் ஓரத்தில் பிரித்த ஊசித்துளைகள் நன்றாகவே தெரிந்தன. அடுத்து வந்தவர்களும் அதே பாட்டைத்தான் பாடினார்கள். தப்பைச் சொன்னால் மார்க் போய்விடும் என்று பயம். டோரிஸுக்கு அலுத்துவிட்டது.

கடைசியாகக் கோமளா எழுந்தாள். பெம்பானைத் தாண்டி ஒரு ரப்பர் தோட்டத்துப் பெண். பள்ளி நாட்களில் டவுனில் சித்தி வீட்டில் தங்கியிருப்பாள். அவள் செய்தது சுவரில் சாய்ந்து நின்றது. மூன்று மூங்கில் சட்டங்கள், நடுவில் கோணிச்சாக்கு. பஸ் கூரையில் வந்ததில் ஒரு மூலை கிழிந்திருந்தது. பின்வரிசையில் யாரோ கிசுகிசுத்தார்கள்.

கோமளா இங்கிலீஷில் இரண்டு வார்த்தை சொன்னாள், அதற்குமேல் வரவில்லை.

“தமிழ்லயே சொல்லும்மா. மத்தவங்களுக்கு நான் இங்கிலீஷ்ல சொல்றேன்” என்றாள் டோரிஸ்.

“இது மறைப்பு டீச்சர். எங்க தோட்டத்து கேட்டுல வைக்கறதுக்கு.”

வெள்ளைக்காரர்கள் அவசரகாலம் அறிவித்ததிலிருந்து தோட்டத்து லயன் வீடுகளைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். காட்டில் ஒளிந்து போராடும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ மருந்தோ போய்விடக் கூடாதென்று, விடிகாலையில் பால் எடுக்க ரப்பர் மரம் வெட்டப் போகிற எல்லாரையும் கேட்டில் சோதித்துத்தான் வெளியே விட்டார்கள். பெண்களைச் சோதிக்க முனியம்மா என்று ஒரு பெண்ணையே வைத்திருந்தார்கள்.

“மொதல்ல ரெண்டு மூங்கில நட்டு சாக்கக் கட்டினேன். ஒரே காத்து. சோதிச்சுக்கிட்டு இருந்த முனியம்மாக்கா தலைமேலயே விழுந்துருச்சு.”

தமிழ்ப் பெண்கள் சிரித்தார்கள். கோமளாவும் சிரித்தாள். டோரிஸ் அதை இங்கிலீஷில் சொன்னதும் சீனப் பெண்களும் மலாய்ப் பெண்களும் சிரித்தார்கள்.

“அப்புறம் நல்லா ஆழமாத் தோண்டி நட்டேன், விழல. ஆனா கேட்டுல நிக்கிற கான்ஸ்டபிள் தா போலே, கூடாதுன்னுட்டாரு. பின்னால என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரிய வேணாமான்னு புடுங்கிப் போட்டுட்டாரு. வீட்டுக்குப் போயி அழுதேன் டீச்சர். கோவம் அடங்கினப்புறம் யோசிச்சேன். அவருக்கு ஆளு நிக்கறது தெரியணும். தலையும் காலும் தெரிஞ்சா போதும்லா? எங்களுக்கு நடுவுல தெரியக் கூடாது. அதான் மேலயும் கீழயும் விட்டுட்டு நடுவுல மட்டும் சாக்கு. லோரி வந்தா வழி விடணும், அதனால மடக்கற மாதிரி.”

சட்டங்களை இணைத்திருந்த பழைய சைக்கிள் டியூப் துண்டுகளை மடக்கி விரித்துக் காட்டினாள். டோரிஸ் கிட்டே வந்து தொட்டுப் பார்த்தாள். வகுப்பே எட்டிப் பார்த்தது.

“அங்க எதுக்கு மறைப்பு?” என்று கேட்டாள் அகதா. வேண்டுமென்றே கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டாள்.

கோமளாவின் கை டியூபிலேயே நின்றுவிட்டது. சிக்கலைச் சொல் என்று எல்லார் முன்னாலும் நிறுத்தியது தானல்லவா என்று டோரிஸுக்குச் சுருக்கென்றது.

“வேணாம் கோமளா. போதும், உக்காரு.”

“இல்ல டீச்சர், சொல்றேன்.” குரல் இறங்கியிருந்தது. “எங்கம்மா கைலிய அவுத்து உதறிக் காட்டணும். பக்கத்துல லோரியில ஆம்பளைங்க உக்காந்திருப்பாங்க. அம்மா கண்ண மூடிக்கும்.”

டோரிஸ் இங்கிலீஷில் தொடங்கினாள். பாதியில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அகதாதான் எழுந்து, மேசையைப் பார்த்தபடியே, மீதியைச் சொல்லி முடித்தாள்.

ஒரு சீனப் பெண் கை தூக்கி, காற்றடித்தால் இதுவும் விழுமே என்று கேட்டாள். கோமளா நிமிர்ந்தாள். அதுதான் அவளுக்கும் இன்னும் பிடிபடவில்லை.

“கீழ்ச்சட்டத்துல பை தச்சு மணலப் போட்டா?” என்றாள் அகதா. “எங்க கடையில திக்கான துணி இருக்கு. நான் தைக்கறேன். இந்தக் கிழிஞ்ச மூலையையும் குடு.”

மணி அடித்தும் நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்து அளந்துகொண்டிருந்தார்கள். அகதா ஒரு பையைத் தலைகீழாகத் தைத்துவிட்டு, “டீச்சர், தப்பாத் தச்சுட்டேன்” என்று கத்தினாள். டோரிஸ் அவளைக் கட்டிக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும் கோமளா தயங்கித் தயங்கி வந்தாள். “இத நான் இன்னிக்கே கொண்டு போவட்டுமா? நாளைக்கும் அம்மாவுக்கு வேலை இருக்கு.”

“கண்காட்சிக்கு?”

கோமளா மறைப்பை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“கொண்டு போ. பெரிய டீச்சருக்கு நான் சொல்லிக்கறேன்.”

தோழிகள் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பஸ் ஸ்டாண்டு வரை தூக்கிப் போனார்கள். மறுநாள் கண்காட்சியில் அகதாவின் விரிப்புக்குப் பக்கத்து இடம் காலியாகவே இருந்தது. பெரிய டீச்சர் கேட்டார், கடிந்தும்கொண்டார். டோரிஸ் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள்.

திங்கட்கிழமை கோமளா வகுப்புக்குள் நுழையும் முன்பே அகதா பிடித்துக்கொண்டாள். “விழுந்துச்சா?”

“விழல. கான்ஸ்டபிள் சுத்திச் சுத்திப் பாத்தாரு, குனிஞ்சு பாத்தாரு. அப்புறம் போலேலா, வச்சுக்கன்னுட்டாரு. ஆனா மழையில சாக்கு ஊறிக் கல்லு மாதிரி கனக்குது. அதுக்கு வேற யோசிக்கணும்.”

“முனியம்மா என்ன சொன்னாங்க?” என்றாள் டோரிஸ்.

“இன்னிக்குத்தான்டி எனக்குக் கை கூசலன்னாங்க.”

முனியம்மாவுக்கும் கூசியிருக்கும் என்று டோரிஸ் நினைத்துப் பார்த்ததே இல்லை.

“அம்மா?”

“மறைப்புக்குள்ள போனாங்க டீச்சர், சோதிச்சு முடிஞ்சும் வெளிய வரல. கொண்டைய அவுத்து நிதானமா முடிஞ்சுக்கிட்டுத்தான் வந்தாங்க. கங்காணி கத்திக்கிட்டே இருந்தாரு.”

சொல்லிவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் டோரிஸுக்குக் கண் நிறைந்தது. அகதா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மழைக்கு மெழுகுத்துணி சரிப்படுமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.